விலை கேட்டால் சொல்லப்படும்

அங்காடியில் வைத்து விற்கும் ஒரு பொருளின் விலையை, கேட்பவருக்கு மட்டும், அதுவும் கேட்பவர் யாரென்று விசாரித்த பிறகே சொல்வது முறையாகுமா? கேள்வி பழையது. ஆயினும் இன்று அது புதிய உடுப்பில் நம் கடை வாசலுக்கு வந்திருக்கிறது. ஆகவே அதைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களோடு சற்று விரிவாகப் பேசலாம் என்று கருதுகிறோம். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம் பெருமக்களின் பொறுப்பு. நாம் மதரஸாவில் ஓதியது சிறிது. கல்லாப்பெட்டியின் பக்கத்தில் அமர்ந்து கண்டது அதைவிடச் சற்று அதிகம். அந்த அளவில் நின்றே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளாக நம் வியாபாரிகள் கணக்கெழுதவும், ரசீது போடவும், சரக்கிருப்பைச் சரிபார்க்கவும் கணினி மென்பொருளை வாங்கி வருகின்றனர். அதை விற்போர் பெரும்பாலும் இணையத்தில்தான் கடை விரித்திருக்கின்றனர். அந்தக் கடைக்குள் சென்று பார்த்தால் பொருளின் குணங்கள் யாவும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். படங்கள் உண்டு, வாங்கியவர்களின் புகழுரைகள் உண்டு, தொலைபேசி எண்ணும் உண்டு. விலை ஒன்றுதான் இராது. விலை இருக்க வேண்டிய இடத்தில் "எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கும். முகநூலில் துணிமணியும் பலகாரமும் விற்கும் மலாய்ச் சகோதரர்கள் இதையே "பி.எம். தெப்பி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஓரமாக வந்து கேள், சொல்கிறேன் என்பது அதன் பொருள். விலை என்பது எப்போது ஓரமாக வந்து கேட்க வேண்டிய சங்கதி ஆயிற்று?

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியவில்லை. நம் நாட்டின் உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கி இ-இன்வாய்ஸ் என்னும் மின்னியல் ரசீது முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. முதலில் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனையுள்ள பெரிய நிறுவனங்கள். 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவை. அதே ஆண்டு ஜூலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவை. 2026 ஜனவரியில் அதற்கும் கீழுள்ளவை. ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டை எட்டாதவர்களுக்கு விலக்கு என்று 2025 டிசம்பரில் பிரதமர் அறிவித்தார். வாரியமே மைஇன்வாய்ஸ் என்ற தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்தவருக்குப் பயமில்லை. தெரியாதவரின் கடைக்குத்தான், "பாய், இப்பவே வாங்கலைன்னா அபராதம் வரும்" என்று சொல்லிக்கொண்டு ஒரு தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

வந்தவர் விலையைச் சொல்லமாட்டார். "பாய், உங்களுக்கு எத்தனை கடை?" என்பார். வேலையாட்கள் எத்தனை பேர், மாதம் எவ்வளவு ஓடும், கடைக்கட்டடம் சொந்தமா வாடகையா என்றெல்லாம் கேட்பார். அனைத்துக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "ஆபீஸில் கேட்டு அனுப்புகிறேன்" என்று எழுந்து போவார். செபராங் ஜெயாவில் ஒரே வரிசையில் கடை வைத்திருக்கும் நம்மவர் இருவர் இப்படி ஒரே மென்பொருளை, ஒரே மாதத்தில், ஆளுக்கொரு கணினிக்கென்று கேட்டனர். ஒருவருக்கு வந்த விலை மற்றவருக்கு வந்ததைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிறகு ஒருநாள் தேநீர் குடிக்கையில்தான் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகம் கொடுத்தவருக்கு வேறோர் இடத்தில் இன்னொரு கடை இருக்கிறது. வாசலில் நல்ல கார் நிற்கிறது. இதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.

விற்பவர் பக்கத்திலும் நியாயம் உண்டா என்று பார்ப்பதே முறை. கலியாண வீட்டுக்குப் பிரியாணி ஆக்கித் தருகிறவரிடம் போய் "என்ன விலை?" என்று மொட்டையாகக் கேட்டால் அவரும் உடனே சொல்லமாட்டார். எத்தனை பேருக்கு, ஆடா கோழியா, எந்த நாள், எந்த இடம் என்று கேட்ட பிறகே கணக்குப் போடுவார். அதில் என்ன குற்றம்? நூறு கிளைகள் கொண்ட நிறுவனத்துக்கு, அதன் வேலைக்கேற்ப மாற்றியமைத்துத் தரும் மென்பொருளும் அப்படித்தான். அதற்கு முன்கூட்டியே விலை எழுதி வைக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிரியாணிக்காரர் கேட்கும் கேள்விகள் சட்டியின் அளவை அறிவதற்காக. பெண் வீட்டார் வசதியானவர்களா, மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு போடுகிறார்கள் என்று அவர் விசாரிப்பாரானால் அந்தக் கேள்வி சட்டியை விட்டுவிட்டு மடியைத் தடவுகிறது. கடைக்கட்டடம் சொந்தமா என்று கேட்ட தம்பியின் கேள்வியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. கட்டடம் யாருடையது என்பதற்கும் கணக்கு மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம்?

போட்டிக்காரன் விலையைப் பார்த்துவிடுவானே என்பார்கள் சிலர். பார்க்கட்டுமே. மிளகாய்த்தூள் விற்பவனின் விலையை எதிர்க்கடைக்காரன் பார்க்காமலா இருக்கிறான்?

இதைவிடக் கனமான வாதம் ஒன்றுண்டு. பேரம் பேசுவது ஆகுமான காரியந்தானே, நம் முன்னோர்களும் அப்படித்தானே வியாபாரம் செய்தார்கள் என்பது அது. உண்மையே. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. சுற்றி நிற்பவனுக்கு அந்த விலை தெரியாது. ஜவுளிக்கடைகளில் சீட்டின் மூலையில் கொள்முதல் விலையை எழுத்துக்குறியாக எழுதிவைப்பார்கள். கடைக்காரருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டுமே அது விளங்கும். வாங்குபவர் முகத்தைப் பார்த்து, குறியைப் பார்த்து, அதன்மேல் ஒரு விலையைச் சொல்வார்கள். இவையெல்லாம் ஹராம் என்று எவரும் சொல்லவில்லை. பேரம் பேசி முடிக்கும் விற்பனைக்கு ஃபிக்ஹு நூல்களில் முஸாவமா என்று பெயரே இருக்கிறது.

ஆனால் மாட்டுச் சந்தையை நன்றாக நினைத்துப் பாருங்கள். அங்கே மாடு எதிரில் நிற்கிறது. வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார். சென்ற வாரம் இதேபோன்ற மாடு என்ன விலைக்குப் போயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு துண்டுக்கடியில் இரண்டு கைகள் இருக்கின்றன. இரண்டும் அனுபவப்பட்ட கைகள். பேரம் நியாயமாவது அப்போதுதான். மென்பொருள் வாங்கும் மளிகைக் கடைக்காரருக்கு அதன் பல்லும் தெரியாது, சுழியும் தெரியாது, போன வாரத்து விலையும் தெரியாது. விற்பவருக்கோ, இவர் சொன்ன பதில்களிலிருந்து இவருடைய மாத வரவே தெரிந்துவிட்டது. இதற்கும் பேரம் என்றுதான் பெயரா?

நம் மார்க்கம் இந்த இடத்தைத்தான் கூர்ந்து கவனித்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் வெளியூரிலிருந்து சரக்கேற்றி வரும் வணிகர்கள் மதீனாச் சந்தையை அடையுமுன்பே, வழியில் எதிர்கொண்டு போய் மலிவாக வாங்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருந்தது. வந்தவருக்கு ஊர் விலை தெரியாது, போனவருக்குத் தெரியும். இருவரும் சம்மதித்தே பேசினார்கள், சரக்கில் கலப்படம் இல்லை, தராசில் மோசம் இல்லை. இருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி வழியில் விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பிறகு, விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. சம்மதம் மட்டும் போதாது, சந்தை விலையை அறிந்த சம்மதமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் நமக்கு வேண்டுமா? சந்தை என்பது என்ன? விலை எல்லோர் காதிலும் விழும் இடம். அந்த இடத்துக்கு ஒருவர் வந்து சேருமுன் அவரை ஓரமாக மடக்குவதுதான் தடுக்கப்பட்டது. ஓரமாக வந்து கேள் என்று இன்று சொல்வோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அன்று வாங்குபவன் விற்பவனை மடக்கினான், இன்று விற்பவன் வாங்குபவனை மடக்குகிறான்; வேற்றுமை அவ்வளவுதான்.

ஒரு வழக்கையும் மறைக்கக்கூடாது. மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியபோது மக்கள் வந்து, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. ஏற்றமும் இறக்கமும் இறைவன் கையில் உள்ளவை என்றும், எவருடைய பொருள் விஷயத்திலும் அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்றும் உரைத்தார்கள். எனவே ஒரு பொருளை இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று நாம் யாரையும் கட்டாயப்படுத்த முற்படவில்லை. மென்பொருள்காரர் 500 என்றாலும் சொல்லட்டும், 5,000 என்றாலும் சொல்லட்டும். வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில் வியாபார ஒழுக்கம் பற்றிய பகுதியில் ஒரு சம்பவத்தை எடுத்துரைக்கிறார்கள். பஸராவில் யூனுஸ் பின் உபைத் என்னும் பெரியார் துணி வியாபாரம் செய்துவந்தார். அவர் கடையில் 400 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் 200 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் இருந்தன. தம் சகோதரர் மகனைக் கடையில் வைத்துவிட்டு அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில் ஒரு நாட்டுப்புறத்து அரபி வந்து 400 திர்ஹத்துக்கு ஓர் ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையை எடுத்துக் காட்டினான். வந்தவருக்குப் பிடித்துவிட்டது, மனநிறைவோடு 400 கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். வழியில் யூனுஸ் எதிரே வந்தார். ஆடையை அடையாளங்கண்டு, என்ன விலைக்கு வாங்கினீர் என்று கேட்டார். 400 என்று பதில் வந்தது. இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்றார் யூனுஸ். வாங்கியவரோ, எங்கள் ஊரில் இது 500 பெறும், நான் இதில் திருப்தியாகவே இருக்கிறேன் என்றார். யூனுஸ் விடவில்லை. கடைக்கு அழைத்துவந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையனைக் கடிந்துகொண்டார். அவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று பையன் சொன்னதற்கு, உனக்கு நீ விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்பது பெரியவரின் கேள்வியாயிற்று.

இந்தச் சம்பவத்தை நம்மவர் மேடைகளில் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் ஒரு கடினமான முடிச்சு இருக்கிறது. வாங்கியவருக்கு நட்டம் இல்லை. அவர் ஊரில் அது 500 பெறும். ஏமாந்தோம் என்ற வருத்தமும் இல்லை. பின் என்னதான் தவறு? மென்பொருள் விற்பவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்! "இந்த மென்பொருளால் உங்களுக்கு மாதம் 1,000 வெள்ளி மிச்சமாகிறது. அதில் 300 எங்களுக்குக் கொடுத்தால் என்ன? அடுத்த கடைக்காரருக்கு 500தான் மிச்சமாகிறது, ஆகவே அவரிடம் 150 வாங்குகிறோம். அவரவர் பலனுக்கேற்ற விலை." கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பையனின் வாதமும் அப்படித்தான் இருந்தது.

நமக்குத் தோன்றும் விடை இது. அந்தக் கடையில் 200 என்றொரு விலை ஏற்கனவே இருந்தது. ஊரார் அதைத்தான் கொடுத்துவந்தார்கள். வந்தவர் அதை அறியாதவர் என்பது ஒன்றே அவரிடம் 400 வாங்கக் காரணமாயிற்று. அந்த அதிகப்படி 200 துணிக்காக வந்ததன்று, அறியாமைக்காக வந்தது. அறியாமையை விலைக்கு விற்க யாருக்கும் உரிமை இல்லை. விலையைப் பலகையில் எழுதிப்போட்டு, அதைப் படித்துவிட்டும் ஒருவர் 400 கொடுக்க முன்வந்தால் அது வேறு சங்கதி. ஷரீஅத் நூல்களில் முஸ்தர்ஸில் என்றொருவர் வருவார். விலையும் அறியாமல், பேரம் பேசவும் தெரியாமல், விற்பவரை நம்பித் தம்மை ஒப்படைத்துவிடுபவர். அத்தகையவரிடம் அளவுமீறி வாங்கியிருந்தால் விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது ஹன்பலி மத்ஹபின் முடிவு. நம் ஷாஃபிஈ மத்ஹபில், விலை அதிகம் என்பதற்காக மட்டும் விற்பனை முறிவதில்லை. ஆயினும் முறியாது என்பதற்கும் அழகிய செயல் என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. யூனுஸ் பின் உபைத் நடந்து சென்றது அந்தத் தூரத்தைத்தான்.

மென்பொருளுக்கு இந்த வாதம் இன்னும் பலமாகப் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். துணிக்கு நூல் விலை உண்டு, நெய்கூலி உண்டு, கப்பல் கூலி உண்டு. வாங்குபவர் ஓரளவு கணக்குப் போட்டு, இவன் என்ன இலாபம் வைத்திருப்பான் என்று ஊகிக்கலாம். மென்பொருளை முதல்முறை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. அதன்பின் பத்தாயிரமாவது கடைக்காரருக்குக் கொடுப்பதில் கூடுதல் செலவு அற்பம். ஆகவே கொள்முதலைக் கொண்டு விலையை ஊகிக்க வழியே இல்லை. மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பது ஒன்றே வாங்குபவர் கையிலுள்ள தராசு. அதையும் மறைத்துவிட்டால் அவர் கையில் மிஞ்சுவது எது?

எல்லோருக்கும் ஒரே விலை என்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் மித்சுயி குடும்பத்தார் 1673இல் எதோ நகரில் தொடங்கிய எச்சிகோயா என்னும் துணிக்கடை, ரொக்கத்துக்கு ஒரே விலை, பேரம் இல்லை என்ற முறையால் புகழ்பெற்றது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், முதலில் ஒரு விலையைக் கூறிப் பிறகு அதில் இறங்கிவருவது பொய் பேசுவதற்கு ஒப்பாகும் என்று கருதி, ஒரே விலை சொல்லி விற்றார்கள். சிறுபிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் அதே விலைதான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வியாபாரத்தைப் பெருக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் வனமேக்கர் தம் பெருங்கடையில் பொருளுக்குப் பொருள் விலைச்சீட்டு ஒட்டினார். மார்க்கம் வேறாயினும், வேதனைப்பட்ட மனசாட்சி ஒன்றே போலும்.

மென்பொருள் உலகிலும் இதைப் பின்பற்றுவோர் இல்லாமலில்லை. நம் தமிழர்களே இருக்கிறார்கள். ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் தொடங்கி, இன்று ஜோஹோ என வழங்கும் நிறுவனம் தன் கணக்கு மென்பொருளுக்கு மாதம் இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலை எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதன் அலுவலகங்களுள் ஒன்று தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் இருக்கிறது. பினாங்கில் நம்மோடு தோளோடு தோள் நின்று தொழும் கடையநல்லூர்ச் சகோதரர்களுக்கு அது ஊர்ப்பக்கந்தான். அந்த நிறுவனத்தில் பணிபுரிந்துவந்த திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம், 2010இல் ஒரு செய்தியைப் படித்தார். வாடிக்கையாளர் குறைதீர்க்கும் மென்பொருள் விற்றுவந்த ஜென்டெஸ்க் என்ற நிறுவனம் திடீரென விலையை ஏற்ற, வாங்கியவர்கள் கொதித்தெழுந்துவிட்டனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையே என்று இறங்கிவந்தது. அந்தக் கொதிப்பில் ஒரு வியாபாரத்துக்கு இடமிருப்பதைக் கண்டுகொண்ட கிரீஷ் அதே ஆண்டில் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்கைத் தொடங்கினார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் வளர்ந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. விலை வெளிப்படையாக இருந்ததால்தான் ஜென்டெஸ்க் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்க முடிந்தது. ஓரமாக ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விலை சொல்லியிருந்தால், ஒருவர் குறை மற்றவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

விலையை எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. "மாதம் 10 மட்டுமே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது 10 டாலர், ரிங்கிட் அன்று. அதுவும் ஓர் ஆளுக்கு; கடையில் நால்வர் பயன்படுத்தினால் நாற்பது. அதுவும் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டினால். இவற்றோடு சேவை வரி வேறு. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கிய வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாயிற்று. முதல் மாதம் இலவசம் என்று அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாதம் கேளாமலே பணத்தை எடுத்துக்கொள்வோரும் உண்டு. திருமறையில் அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் என்னும் அத்தியாயத்தை ஓதும்போது நமக்குத் தராசும் படியுமே நினைவுக்கு வருகின்றன. சிறிய எழுத்தும் ஒரு படிதான் என்று நாம் நினைக்கிறோம். இந்திய அரசாங்கம் 2023 நவம்பரில் இத்தகைய தந்திரங்கள் பதின்மூன்றைப் பெயரிட்டுத் தடுத்தது. தொடக்கத்தில் குறைந்த விலை காட்டிப் போகப் போகக் கூட்டுவதும், சந்தாவில் சிக்கவைத்து வெளியேறவிடாமல் செய்வதும் அவற்றுள் அடங்கும். பொட்டலப் பொருள்கள் மீது எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலையை அச்சிட வேண்டும் என்ற விதி அங்கே 1990 முதல் இருந்து வருவதை ஊருக்குப் போய்வரும் நம்மவர் அனைவரும் அறிவர்.

நம் நாட்டிலும் சட்டம் உறங்கவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2012இல் இயற்றப்பட்ட மின்னியல் வர்த்தக விதிகள், இணையத்தில் விற்பவர் போக்குவரத்துக் கூலி, வரி முதலியன சேர்த்து முழு விலையையும் காட்ட வேண்டும் என்று கூறின. 2024 இறுதியில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தபோதும் அந்தக் கடமை நீங்கவில்லை. "பி.எம். தெப்பி" சட்டத்துக்குப் புறம்பானது என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பயனீட்டாளர் என்று சொல்வது, தம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குபவரை. கடைக்காகக் கணக்கு மென்பொருள் வாங்கும் நாம் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்கமாட்டோம். சட்டத்தின் நிழல் நம்மீது விழாத இந்த இடத்தில்தான் அந்தத் தம்பி பையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. 1970 முதல் அந்தச் சங்கத்தை வழிநடத்தி 2019இல் இறையடி சேர்ந்த ஹாஜி எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள் நம் சமுதாயத்தவர். அவரும் ஒரு வியாபாரி. வாங்குபவர் பக்கம் நின்று பேசுவது வியாபாரிக்கு இழுக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையையே பதிலாகச் சொல்லலாம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். மென்பொருள் விற்பவரைக் குறை சொல்லும் நாம், நம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் எப்படி நிற்கிறோம்? நாசி கண்டார் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். தோளில் காவடிக் கம்பில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற காலத்தில் தொடங்கி, இன்று உலகெங்கும் இருந்து வந்து வரிசையில் நின்று உண்ணும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அந்தப் புகழுக்குக் கீழே ஒரு முணுமுணுப்பும் கூடவே வருகிறது. கல்லாவில் இருப்பவர் தட்டை ஒரு பார்வை பார்க்கிறார், ஆளை ஒரு பார்வை பார்க்கிறார், ஒரு தொகையைச் சொல்கிறார். நேற்று 12, இன்று அதே தட்டுக்கு 15. கோலாலம்பூர்ப் பதிவெண் கொண்ட வண்டியில் வந்தவருக்கு 18. எல்லாக் கடைகளிலும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. விலைப்பலகை வைத்து மானமாக நடத்தும் கடைகள் எத்தனையோ உண்டு. ஆனால் இப்படிச் சொல்லப்படும் பேச்சைக் கேட்டிராத நம்மவர் யாரும் இரார். 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உணவுக்கடையும் விலை காட்டியாக வேண்டும்.

கறி அள்ளும் கை ஒரே மாதிரி அள்ளாது, மீன் ஒரே அளவில் வராது, எப்படி விலை எழுதுவது என்று நம்மவர் கேட்பார்கள். இறால் தலைக்கு இவ்வளவு, மீன்முட்டை துண்டுக்கு இவ்வளவு, அன்றைய சந்தை விலைக்கேற்ப என்று கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் காலையில் எழுதினால் போதாதா? மென்பொருள்காரருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். அளவு மாறுவதால் விலை மாறட்டும். ஆள் மாறுவதால் மாறுவதற்குப் பலகை இடம் கொடாது. பலகையை வைக்கத் தயங்குவோரின் தயக்கம் அதனால்தானோ என்று ஐயுறுகிறோம்.

அப்படியானால் ஏழைக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மதரஸாப் பிள்ளைகள் வந்தால் பாதி விலை வாங்கும் கடைகளை நாம் அறிவோம். அந்தக் குறைப்பு ஸதகா. அதை மறைவாகச் செய்வதே சிறப்பு. எழுதிய விலையிலிருந்து மறைவாக இறங்குவதற்கும், எழுதாத விலையை மறைவாக ஏற்றுவதற்கும் மறைவு என்ற சொல் மட்டுமே பொது. ஆளுக்கேற்ற விலையும்கூட வெளிப்படையாக இருந்துவிட்டால் குறை சொல்வதற்கில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் அரசாங்கம் ரோன்95 பெட்ரோலைக் குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 காசு என்றும், மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல் என்றும் அறிவித்தது. இரண்டு விலையும் நாடறிந்த விலை. யாருக்கு எது, ஏன் என்பதும் நாடறிந்தது. மென்பொருள்காரர்களும் சிறு கடைக்கு இவ்வளவு, பெரிய கடைக்கு இவ்வளவு, பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் இவ்வளவு என்று எழுதிப்போடட்டும். முதலில் பாராட்டுகிறவர்கள் நாமாக இருப்போம்.

அதுவரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நம் சங்க அலுவலகச் சுவரில் ஒரு பலகை வைக்கலாம் என்று யோசனை கூறுகிறோம். மென்பொருளோ, கல்லா இயந்திரமோ, கண்காணிப்புக் காமிராவோ, உறுப்பினர் யாருக்கேனும் எழுத்தில் விலை வந்தால், கடையின் பெயரைச் சொல்லாமல், பொருள், தேதி, எத்தனை கணினி, வரி உட்பட எவ்வளவு, அடுத்த ஆண்டு எவ்வளவு என்பதை மட்டும் அதில் எழுதிவிட வேண்டும். விலையை வெளியிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கியவர் எழுதவேண்டாம், வாக்கு வாக்குத்தான். ஆனால் இனி அத்தகைய வாக்கைக் கேட்டால், ஏன் என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுப் பார்க்கட்டும். நாசி கண்டார் கடைக்காரர்களின் காலைப் பலகைக்கும் அதே சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறோம். பலகையும் ஆணியும் நாம் தருகிறோம். எழுதுவதற்கு ஒருவர் முன்வந்தால் போதும்.